பெல்பொட்டமும் பெரிய கொலரும்: 70களின் உடுப்பு வாங்குவோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: அக்கா, எங்கள் அலுவலக விருந்துக்கு எல்லோரும் 70களின் உடுப்பில் வரவேண்டுமாம். ஒன்லைனில் ‘பெல்பொட்டம்’ என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன், வந்ததைப் போட்டுப் பார்த்தால் வழக்கமான ஜீன்ஸ் மாதிரித்தான் இருக்கிறது. கடை கடையாகத் தேடுவதா, தைப்பிப்பதா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: தைப்பியுங்கள் தம்பி. உங்களுக்கு வந்தது அநேகமாக பூட்கட், அதாவது கீழே கொஞ்சம் மட்டும் விரிகிற ஜீன்ஸ். ஒரு அளவுநாடா எடுத்து முழங்கால் பக்கம் ஒரு சுற்று, கீழ்விளிம்பில் ஒரு சுற்று அளந்து பாருங்கள். மேலே 18 அங்குலம், கீழே 20 என்றால் அது பூட்கட்தான். அந்தக் காலத்து பெல் முழங்காலில் 18 என்றால் கீழே 24, 26 என்று போகும். இடுப்பிலிருந்து தொடை வரை இறுக்கம், முழங்காலுக்குச் சற்று மேலேயே விரியத் தொடங்கும், முன்பக்கம் இடுப்பில் பிளீட் மடிப்பு இல்லாமல் தட்டையாக இருக்கும். இனி ஒன்லைனில் எதையாவது எடுப்பதென்றால் பெயரை நம்பாதீர்கள், இந்த இரண்டு அளவையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு ஓடர் போடுங்கள்.

துணி விஷயத்தில்தான் ஆக்கள் கூடப் பிழைவிடுகிறார்கள். 70களில் எல்லோரும் பொலியெஸ்டர், டெரிலின் (அதுவும் ஒரு பொலியெஸ்டர்தான்) என்று திரிந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. தோய்த்துக் கொடியில் போட்டால் சீக்கிரம் காயும், அயன் பண்ணாவிட்டாலும் மடிப்புக் கோடு அப்படியே நிற்கும், வருடக்கணக்கில் உழைக்கும். அதோடு 1970க்கும் 1977க்கும் இடையில் இங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது, நல்ல துணிக்குத் தட்டுப்பாடு. வேயங்கொடை, துல்ஹிரிய அரசாங்க ஆலைத் துணி கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த ஒரு துண்டு பொலியெஸ்டரை வருடப்பிறப்பு வரை பெட்டியில் பூட்டி வைத்துத் தைப்பித்த குடும்பங்கள் எத்தனையோ. 77க்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது, புறக்கோட்டையில் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. ஆனால் முழுப் பொலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, கொழும்பு வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு இரவு முழுக்க ஆட உங்களால் முடியாது.

நான் சொல்வது பொலியெஸ்டர்-விஸ்கோஸ் கலப்புத் துணி. பெல்லுக்குத் துணி கீழே விழுந்து ஆட வேண்டும், அந்த விழுகை இதில் நன்றாக வரும். கொட்டன் டிரில் விறைத்துக்கொண்டு நிற்கும், ஸ்ட்ரெச் துணியில் பெல்லின் வடிவம் நிற்காது. புறக்கோட்டை மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் இந்தத் துணி தாராளமாகக் கிடைக்கிறது. 58 அங்குல அகலத்தில் ஒன்றரை மீற்றர் எடுங்கள், உயரமான ஆள் என்றால் இன்னும் கொஞ்சம் கூட எடுங்கள். வெட்டுவதற்கு முன் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், கறையோ நூல் விட்ட கோடோ இருந்தால் அப்போதே சொல்லுங்கள். வெட்டிய துணியைத் திருப்பி எடுக்கச் சொல்லிப் பிறகு வாதாடுவது பெரிய கரைச்சல்.

ரெயிலரைத் தெரிவு செய்யும்போது வயதான ஒருவரைத் தேடுங்கள். வெள்ளவத்தைக் குறுக்கு ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் இருக்கிறார்கள், இவர்கள் பெல்லைத் தங்கள் இளவயதில் தாங்களே வெட்டியவர்கள். வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ அந்தக் காலத்தில் எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், வாயால் விளக்குவதைவிட அது உதவும். அன்று போடப்போகும் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள், ஏனென்றால் பெல்லின் விளிம்பு குதியை மூடித் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், செருப்போடு போய் அளவு கொடுத்தால் ஒன்றரை அங்குலம் கட்டையாகிவிடும். கீழ்மடிப்புக்குள் இரண்டு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். கடைசித் தையலுக்கு முன் ஒருமுறை போட்டுப் பார்க்கக் கேளுங்கள். துணி எத்தனை மீற்றர் கொடுத்தீர்கள், கூலி எவ்வளவு, எப்போது தருவார் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். தையலும் ஒரு சேவை, அதைக் கவனத்தோடும் திறமையோடும் செய்துதர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. துணியைப் பாழாக்கிவிட்டால் கேட்பதற்கு உங்கள் கையில் அந்த பில் இருக்கவேண்டும்.

வந்த ஜீன்ஸை எறிய வேண்டாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத் தையலைப் பிரித்து ஒரு முக்கோணத் துண்டை வைத்துத் தைத்தால் அதுவும் பெல்தான். புதுத் துணிக்கு வழியில்லாத பெடியங்கள் அப்போது இதைத்தான் செய்தார்கள், வேறு நிறத் துண்டு வைத்தால் இன்னும் வடிவு.

கேள்வி: ஒன்லைன் விற்பனையாளர் ஒருவர் ‘1970 ஒரிஜினல்’ என்று பெரிய கொலர் வைத்த பூப்போட்ட சேர்ட் ஒன்றை விற்கிறார். கழுத்து லேபிளில் ‘மேட் இன் ஸ்ரீலங்கா’ என்று இருக்கிறது. புதுச் சேர்ட்டை விட மூன்று மடங்கு விலை. வாங்கலாமா? (தெஹிவளை வாசகி)

பதில்: அந்த லேபிளை வைத்தே சொல்லலாம் தங்கச்சி, அது 1970 இல்லை. 1972 மே 22 வரை இந்த நாட்டின் பெயர் சிலோன். அதற்கு முன்பு தைத்த சேர்ட்டில் ‘ஸ்ரீலங்கா’ வர வழியில்லை. ‘சரி, அப்படியென்றால் 75’ என்று அவர் மாற்றிச் சொன்னால் மற்ற அடையாளங்களைப் பாருங்கள். வெளிநாட்டுக்குத் தைக்கும் பெரிய கார்மென்ட் தொழிற்சாலைகள் இங்கே பெருகத் தொடங்கியது 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்த பிறகுதான், அதனால் ஏற்றுமதிக்குத் தைத்தது போன்ற லேபிள் என்றால் 75 என்பதும் சந்தேகம்தான். லேபிளில் இணையத்தள முகவரி இருந்தால் அது 90களின் நடுப்பகுதிக்கு முன் சாத்தியமே இல்லை. ஜீன்ஸில் ‘98 வீதம் கொட்டன், 2 வீதம் எலாஸ்தேன்’ (இழுபடும் ஸ்ட்ரெச் நூல்) என்று கண்டால் அதையும் 70களின் ஆரம்பம் என்று நம்ப வேண்டாம், எலாஸ்தேன் நூல் 1958இலேயே வந்துவிட்டாலும் ஜீன்ஸுக்குள் அது பரவலாக நுழைந்தது பிறகுதான். லீவைஸ் ஜீன்ஸின் பின்பொக்கெற்றில் இருக்கும் சிறு சிவப்பு நாடாவில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் 1971க்கு முந்தியது என்று ஒரு கணக்கு உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு என்பதால் போலி செய்பவர்களும் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

உடுப்பின் நிலையையும் பாருங்கள். அக்குள் பக்கத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். கொலரின் உள்மடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தால் அது தோய்த்துப் போகாது. பொலியெஸ்டர் துணி ஐம்பது வருடமும் நிற்கும், ஆனால் அதைத் தைத்த கொட்டன் நூல் நிற்காது, தோள் தையலை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள், நூல் பட்பட்டென்று விட்டால் முழுச் சேர்ட்டையும் திரும்பத் தைக்க வேண்டும்.

சேர்ட் உங்களுக்குப் பிடித்திருந்தால், பழைய சேர்ட்டுக்கு உரிய விலையில் கிடைத்தால், வாங்குங்கள். வருடத்துக்காகக் காசு கொடுக்காதீர்கள். வாங்குகிறீர்கள் என்றால் அவர் எழுதியிருக்கும் விவரத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். விவரித்துச் சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிற பாதுகாப்பு, ‘1970 ஒரிஜினல்’ என்று அவர் எழுதியது அந்த விவரத்துக்குள்தான் வரும்.

கேள்வி: அம்மாவின் பெட்டியில் அந்தக் காலத்துச் சாறிகள் ஏழெட்டு இருக்கின்றன. எது நைலெக்ஸ் (நைலோன் சாறி), எது பட்டு என்று அவவுக்கே இப்போது நினைவில்லை. எப்படித் தோய்ப்பது, அயன் பண்ணலாமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: முதலில் எரித்துப் பாருங்கள், பயப்பட வேண்டாம், ஒரு நூல் போதும். உள்முந்தானை விளிம்பில் இரண்டு நூலை இழுத்து எடுத்து, சாமணத்தால் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே வைத்து நெருப்பைக் காட்டுங்கள். கடதாசி எரிந்த மணமும் மென்சாம்பலும் வந்தால் கொட்டன். தலைமயிர் கருகிய மணம் வந்து, சாம்பல் விரலுக்குள் பொடியானால் பட்டு. உருகிச் சுருண்டு உருண்டையாக இறுகினால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். சரிகைக்குத் தனிச் சோதனை வேண்டும், அதைச் செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடை ஒன்றில் காட்டலாம்.

உருகியது எதுவாக இருந்தாலும் அயனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு மெல்லிய கொட்டன் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். கொட்டன் சூட்டில் வைத்தால் நைலெக்ஸ் ஒரு கணத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்த ஓட்டை ஓட்டைதான். மடிப்பிலேயே வருடக்கணக்கில் கிடந்த பட்டை எடுத்த உடனே உதறாதீர்கள், மடிப்பில் இழை முறிந்திருக்கும், கிழிந்துவிடும். பாயில் விரித்து ஒருநாள் காற்றாட விடுங்கள். உடுக்க முடியாத அளவுக்கு நைந்துபோனதை ரவிக்கையாகவோ பாவாடையாகவோ வெட்டுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். கேட்காமல் வெட்டிய சாறியால் வந்த மனத்தாங்கல் சில வீடுகளில் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: 70கள் பாணி பத்திக் சட்டை ஒன்றைக் கையால் செய்தது என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்பக்கம் வெளிறிப்போய் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: பெரும்பாலும் ஆம். பத்திக்கில் உருக்கிய மெழுகைத் துணியில் பூசிச் சாயத்தில் முக்குகிறார்கள், சாயம் துணியை ஊடுருவிப் போகும், அதனால் உள்ளும் புறமும் நிறம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மேலே அச்சடித்தது உள்பக்கம் வெளிறும். இன்னொன்று, மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து மயிரிழை போன்ற கோடுகள் வரும், கையால் செய்ததில் அந்தக் கோடுகள் ஓரிடத்தில் வந்தது போல இன்னோரிடத்தில் வராது. உங்கள் சட்டையில் ஒரு பூவை எடுத்து, அதன் பக்கத்து வெடிப்புக் கோட்டைக் கவனித்து, அடுத்த அதே பூவுக்குப் போங்கள். அங்கேயும் அதே கோடு அதே வளைவில் இருந்தால் மெஷின் அச்சு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜாவாவிலிருந்து வந்த இந்தக் கலையை இங்கே 60களில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா போன்றவர்கள் புதிதாக எழுப்பினார்கள், பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரைக்கு அவர் செய்த பத்திக் பெயர்பெற்றது. 70களில் சுற்றுலாப் பயணிகள் வரவர கைவேலை பெருகியது, ஊர்ப்பெண்கள் பலருக்கு அது சோறு போட்டது. அச்சுத் துணியைக் கைவேலை விலைக்கு விற்றால் உங்கள் காசும் போகிறது, மெழுகுச் சட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற பெண்ணின் கூலியும் போகிறது.

கடைக்கு பில்லோடு போய் முதலில் மரியாதையாகக் கேளுங்கள். பில் தரவில்லை என்றால் அதையும் கேளுங்கள், வாங்குபவர் கேட்டால் ரசீது கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். 1977 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். சட்டையைத் தோய்க்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய உயர்குதிச் சப்பாத்து பெட்டியோடு இருக்கிறது, போடலாமா? (கிராண்ட்பாஸ் வாசகர்)

பதில்: அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொலியூரித்தேன் அடி என்றால் போடாமல் வைத்திருந்தாலும் நம் ஈரக்காற்றில் உதிர்ந்துவிடும், விருந்து நடுவில் குதி கழன்று விழுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தோலும் மரக்குதியும் என்றால் சப்பாத்துத் தைப்பவரிடம் புது அடி போடுங்கள்.

கேள்வி: 70கள் ஸ்டைலில் பின்னோக்கி அலையலையாகப் போகும் ஸ்டெப் கட் வேண்டும். சலூனில் பெர்ம் பண்ணினால்தான் வரும் என்கிறார்கள். எனக்கு ரீபொண்டிங் செய்த முடி. (கல்கிசை வாசகி)

பதில்: ரீபொண்டிங் செய்த முடியில் பெர்ம் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. ரீபொண்டிங் முடியை நேராக்குவது, பெர்ம் சுருளாக்குவது, இரண்டுமே முடிக்குள் இருக்கும் பிணைப்புகளை மருந்தால் உடைத்துத் திரும்பக் கட்டுகிற வேலை, ஒருமுறை உடைந்ததை இன்னொருமுறை உடைத்தால் முடி ரப்பர் போல இழுபட்டு அறுந்துவிடும். மருதோன்றி என்று பெயர் போட்ட பொடிக்குள் உலோக உப்புக் கலந்திருந்தால் அதன்மேல் பெர்ம் மருந்து பட்டும் முடிக்குக் கேடு வரலாம், அதனால் என்னென்ன பூசியிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அமெரிக்க நடிகை ஃபாரா ஃபோசெட்டின் 1976 போஸ்டரோடு உலகம் முழுக்கப் பரவிய வெட்டு அது. அதில் பெர்முக்கு வேலையே இல்லை, நீளமான அடுக்கு வெட்டும் வட்டத் தூரிகையும் டிரையரும்தான். அடுக்காக வெட்டக் கேளுங்கள், முன்பக்கம் நாடிக்குக் கீழே தொடங்கட்டும், அதைவிட மேலே வெட்டினால் வளரும் வரை கட்டவும் முடியாது. ஒவ்வொரு நாளும் காலையில் டிரையர் பிடிக்க வேண்டும், காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றாலே பாதி அலை இறங்கிவிடும், அதைத் தெரிந்துகொண்டு வெட்டுங்கள். விருந்துக்கு மட்டும் என்றால் வெட்டோடு நிறுத்தி, அன்று மாலை சலூனில் செட் பண்ணிக்கொண்டு போங்கள்.

வேறு யாராவது பெர்முக்குப் போவதாக இருந்தால் பிடரியில் ஒரு சிறு கற்றையில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உட்காருவதற்கு முன்பே முழு விலையையும் கேளுங்கள், முடி நீளத்துக்குத் தனியாக, மருந்துக்குத் தனியாக, கழுவித் தருவதற்குத் தனியாக என்று கடைசியில் கூட்டுகிற இடங்கள் உண்டு. ஆண்களுக்குக் கிருதா என்றால் காசு செலவில்லை, காது மடலுக்குக் கீழே வரும் வரை அந்தப் பக்கம் மெஷின் போட வேண்டாம் என்று இப்போதே சலூன்காரரிடம் சொல்லி வையுங்கள், வளர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும்.