இடித்த மைதானங்களும் தப்பித்த மைதானங்களும்: பழைய பேஸ்பால் மைதானங்கள் பற்றிய கேள்வி பதில்

பாஸ்டனின் ஃபென்வே பார்க்கா, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டா? வரலாற்று மதிப்பில் எது உசத்தி? வீட்டில் நானும் என் அண்ணனும் இதற்காகவே சண்டை போட்டுக்கொள்கிறோம்.

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரில் இருக்கும் ரிக்வுட் ஃபீல்டுக்குத்தான். ஃபென்வே திறந்தது 1912, ரிக்லி 1914. ரிக்வுட் 1910 ஆகஸ்டிலேயே திறந்துவிட்டது. வயதை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. அந்த ஒரே தரையில் வெள்ளையர்களின் டீமான பாரன்ஸும் ஆடியது, கறுப்பினத்தவர்களின் டீமான பிளாக் பாரன்ஸும் ஆடியது. பாரன்ஸ் ஆடும் நாட்களில் கறுப்பின ரசிகர்கள் தனியாக ஒதுக்கிய இடத்தில்தான் உட்கார வேண்டும். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வில்லி மேஸ், 1948-இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே பிளாக் பாரன்ஸுக்காக இங்கே ஆடினார்.

2024 ஜூன் 20 அன்று அவரையும், கறுப்பினத்தவர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக் வீரர்களையும் கௌரவிக்க, பெரிய லீக் (நாட்டின் உச்ச நிலை பேஸ்பால்) டீம்களான ஜயன்ட்ஸும் கார்டினல்ஸும் இதே மைதானத்தில் மோதின. அதற்கு இரண்டு நாள் முன்பு, 93 வயதில், மேஸ் காலமாகிவிட்டார். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அமெரிக்காவின் நல்லதும் கெட்டதும் இப்படி ஒரே புல்தரையில் பதிந்திருக்கும் இடம் வேறு எது?

ஃபென்வேயில் இடது பக்கம் மட்டும் ஏன் அவ்வளவு உயரமான சுவர்?

பின்னால் லான்ஸ்டவுன் தெரு இருக்கிறது. கிடைத்த மனைக்குள் மைதானத்தை அடக்க வேண்டியிருந்ததால் இடது எல்லை ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டது. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து அங்கே வெறும் 310 அடிதான். அதனால் சுவரை 37 அடிக்கு உயர்த்தினார்கள். ‘பச்சை ராட்சசன்’ என்ற பெயருக்குக் காரணமான பச்சைப் பெயின்ட் 1947-இல் அடித்தது. இந்தச் சுவர் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. வேறு ஊரில் சுலபமான கேட்சாகப் போகும் பந்து இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும். வேறு ஊரில் ஹோம் ரன் ஆகவேண்டிய தாழ்வான, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கணிப்பதே இடது பக்கம் நிற்பவருக்குத் தனி வித்தை. பழைய மைதானங்களின் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஊரின் தெருக்கள் ஆட்டத்துக்குள் வந்துவிட்டன.

ஃபென்வேயும் டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியமும் ஒரே நாளில் திறந்தவை என்கிறார்கள். அப்புறம் ஏன் ஒன்று பிழைத்தது, இன்னொன்று போய்விட்டது?

உண்மைதான், இரண்டுமே 1912 ஏப்ரல் 20. டைகர் ஸ்டேடியம் 1989-இலேயே தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஃபென்வே ஏறியது 2012-இல்தான். பதிவு முந்தியது இடிந்தது, பிந்தியது நிற்கிறது! அந்தப் பதிவேடு ஒரு மரியாதைதான், அதை வைத்துக்கொண்டு இடிப்பைத் தடுக்க முடியாது.

மைதானத்தைக் காப்பாற்றுவது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும் டீம்தான். டெட்ராய்ட் டீம் 1999 செப்டம்பர் 27-ஆம் தேதி கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுப் புது மைதானத்துக்குப் போனது. பழையது பல வருடம் காலியாகக் கிடந்தது, 2008-இலும் 2009-இலுமாக இடித்தார்கள். அதற்குப் பிறகும் ரசிகர்கள் சொந்தக் காசில் இயந்திரம் கொண்டுவந்து அந்த இடத்தில் புல் வெட்டினார்கள். பாஸ்டனிலும் 1999-இல் புது மைதானத்துக்குத் திட்டம் போட்டார்கள். 2002-இல் வந்த புது உரிமையாளர்கள் இருப்பதையே சீர்செய்வது என்று முடிவெடுத்து, மறு வருடமே அந்தப் பச்சைச் சுவரின் உச்சியில் இருக்கைகள் போட்டார்கள். அதை மாற்றக் கூடாது என்று அன்று வாதாடியவர்கள் உண்டு. நான் உரிமையாளர்கள் பக்கம். பழையது தாக்குப்பிடிக்கக் கொஞ்சம் மாறத்தான் வேண்டும்.

ரிக்லியின் சுவரில் படரும் கொடிக்குள் பந்து சிக்கிக்கொண்டால்?

பேட்டருக்கு இரண்டு பேஸ், அதாவது ஓடிச் சுற்றும் நான்கு முனைகளில் இரண்டாவது வரை போகலாம். கொடி நட்டது 1937-இல். இரவு ஆட்டத்துக்கு விளக்கு வந்தது 1988-இல்தான்.

இடித்த இடத்தில் ஒரு பலகை வைத்தால் போதாதா? நினைவு மனதில்தானே இருக்கிறது?

புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் டீமுக்காக அங்கே இறங்கி, பெரிய லீக்கில் பல பத்தாண்டுகளாக இருந்த நிறத்தடையை உடைத்தார். 1957-ஓடு டீம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது, 1960-இல் மைதானத்தை இடித்தார்கள், இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. அவர் ஓடிய தரையில் இன்று யாரும் ஓட முடியாது. பலகை அதற்கு ஈடாகுமா? எனக்கு ஆகாது.

ஆனால் கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் என்ன நடக்கும் என்பதை பிட்ஸ்பர்க்கில் பாருங்கள். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு போய்விட்டது, வெளிச்சுவரில் ஒரு பகுதி மட்டும் நிற்கிறது. 1960 அக்டோபர் 13 அன்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 9-9. பிட்ஸ்பர்க் டீமின் பில் மாசெரோஸ்கி அடித்த ஹோம் ரன்னில் நியூயார்க் யாங்கீஸ் தோற்றது. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் ரசிகர்கள் அந்தச் சுவரடியில் கூடி, அன்றைய வானொலி வர்ணனையை ஒலிபரப்பிக் கேட்கிறார்கள். சரியாக அந்தப் பந்து பறந்த 3:36 மணிக்கு ஹோம் ரன் வரும்படி நேரம் பார்த்துத் தொடங்குவார்கள். சுவர் இல்லாவிட்டால் எங்கே கூடுவார்கள்?

லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம் 1962-இல் வந்தது. அதைப் பழையது என்று சொல்லலாமா?

தாராளமாக. இன்று பெரிய லீக்கில் மூன்றாவது பழையது அதுதான். ஆனால் அதன் கதையை ஆட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் குன்றுகளில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசு குடியிருப்புகள் கட்டப்போவதாகச் சொல்லி 1950-களின் தொடக்கத்தில் அவர்களைக் கிளப்பினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் டீமுக்குப் போனது. கடைசியாக எஞ்சிய குடும்பங்களை 1959 மே மாதம் வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். வரலாற்று மதிப்பு என்று பேசினால் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நியூஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்தில் பார்க்க ஏதாவது உண்டா?

பேட்டர்சனில் ஹிஞ்ச்லிஃப் ஸ்டேடியம். 1932-இல் கட்டியது. நியூயார்க் பிளாக் யாங்கீஸ் போன்ற நீக்ரோ லீக் டீம்கள் ஆடிய, இன்னும் மிஞ்சியிருக்கும் சில மைதானங்களில் ஒன்று. பல வருடம் பூட்டிக் கிடந்து 2023-இல் மறுபடி திறந்தது. அந்த ஊரின் அருவியும் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.