நோர்வேயின் நவீன அரசியல் வரலாற்றில் திருப்புமுனைகள் எனக் கருதத்தக்கவை எவை?

கேள்வி கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், தாங்கள் ஏதோவொரு பரீட்சைக்காகவோ பிரசாவுரிமைத் தேர்வுக்காகவோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இதுவரை வந்துள்ள பதில்களில் பாதி, 1969இல் வடகடலின் எக்கோஃபிஸ்க்கில் எண்ணெய் கிடைத்ததோடு நோர்வேயின் வரலாறே தொடங்குவதாகச் சொல்கின்றன. மீதிப் பாதி, இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நோர்வேயின் அனுசரணையில் ஏற்பட்ட 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையையும் அதில் நோர்வே செய்தது சரியா தவறா என்பதையும் பற்றிச் சண்டையிடுகின்றன. தமிழில் நோர்வே என்று எழுதினாலே பேச்சு ஏன் அங்கே போய் நிற்கிறது என்பது எனக்கும் விளங்குகிறது. அந்தக் காயம் எனக்கும் உண்டு. ஆயினும் அது இலங்கையின் வரலாறு. நோர்வேயில் அதை முன்னிட்டு எந்த அரசும் கவிழவில்லை, எந்தக் குடும்பமும் சாப்பாட்டு மேசையில் பிளவுபடவில்லை.

பாடப்புத்தகம் எதிர்பார்க்கும் ஆண்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1814 மே 17ஆம் திகதி ஐட்ஸ்வோலில் அரசமைப்பு நிறைவேறியது. அதே ஆண்டிலேயே நாடு சுவீடனுடனான ஒன்றியத்துக்குள் தள்ளப்பட்டது. 1884இல், அமைச்சரவை மன்னருக்கன்றிப் பாராளுமன்றத்துக்கே பொறுப்புடையது என்பது நிலைநாட்டப்பட்டது. 1905 ஜூன் 7இல் பாராளுமன்றம் சுவீடனுடனான ஒன்றியம் முடிந்துவிட்டதாக அறிவித்தது. ஓகஸ்ட் மாத வாக்கெடுப்பில் 368,208 பேர் அதை ஆதரிக்க, எதிர்த்து வாக்களித்தவர்கள் வெறும் 184 பேர். பெண்களுக்கு அப்போது அந்த உரிமை இல்லாததால், அவர்கள் தாங்களாகவே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கையெழுத்துகளைத் திரட்டிப் பாராளுமன்றத்திடம் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1913இல், அவர்களுக்கு முழு வாக்குரிமை கிடைத்தது. 1940 ஏப்ரலில் ஜேர்மனி படையெடுத்தபோது, நாஜி ஆதரவாளரான குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமிப்பதைவிட முடிதுறப்பதே மேல் என்று மன்னர் ஏழாம் ஹாகோன் தம் அமைச்சர்களிடம் கூறிவிட்டார். 1949இல் நேட்டோ, 1981இல் முதல் பெண் பிரதமராகக் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட், 1989இல் வடக்கின் பழங்குடியினரான சாமி மக்களின் பாராளுமன்றம், 2011 ஜூலை 22இல் 77 உயிர்களைப் பறித்த பயங்கரவாதத் தாக்குதல் என்று இந்த வரிசை நீளும்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்நாட்டு அரசியலின் போக்கைத் தீர்மானித்தவை 1972 செப்டெம்பர் 25, 1994 நவம்பர் 28 ஆகிய இரு நாள்களில் நடந்த சர்வசன வாக்கெடுப்புகளே. ஐரோப்பாவுடன் (1972இல் ஐரோப்பியச் சமூகம், 1994இல் ஐரோப்பிய ஒன்றியம்) இணைவதா என்ற ஒரே வினா இரண்டு தலைமுறைகளிடம் கேட்கப்பட்டது. பெரிய கட்சிகளும் பெரும்பாலான பத்திரிகைகளும் தொழிலதிபர்களும் ஆம் என்று சொல்ல, மக்கள் முதல்முறை 53.5 வீதமாகவும் இரண்டாம் முறை 52.2 வீதமாகவும் வேண்டாம் என்றார்கள்.

இரண்டாவது வாக்கெடுப்பின்போது நான் நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில், பாரன்ட்ஸ் கடலோரத்து ஊர் ஒன்றின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்நாளில் வடக்கே வந்த நம்மவர் பலருக்கும் கிடைத்த வேலை அதுதான். கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேசையின்மேல் கொட் மீனின் சதைத்துண்டை விரித்தால், அதிலுள்ள புழுவும் முள்ளும் நிழலாகத் தெரியும். அவற்றைக் கத்திமுனையால் நீக்கிவிட்டு அடுத்த துண்டை இழுத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிப்பதில்லை. அந்த மேசை வெளிச்சத்தில்தான் அவ்வாக்கெடுப்பைப் பற்றிய என் அரசியல் கல்வி நடந்தது.

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த முதிய பெண்மணி, 1944இன் பிற்பகுதியில் ஜேர்மன் படைகள் பின்வாங்கும்போது ஃபின்மார்க்கை எரித்துவிட்டுப் போனதைச் சிறுமியாக இருந்து கண்டவர். அவ்வூர் வீடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதன் காரணத்தை அவர் சொல்லித்தான் அறிந்தேன். எல்லாம் போருக்குப் பின் அரச உதவியோடு கட்டியெழுப்பப்பட்டவை. 1972இலும் வேண்டாம் என்று வாக்களித்தவர் அவர். அன்றைய மீன்பிடி அமைச்சரே பேச்சுவார்த்தையின் முடிவை ஏற்க மறுத்துப் பதவி விலகியதை, நேற்று நடந்ததைப் போல விவரிப்பார். 1989இல் மீன்வளம் குன்றியதால் கரையோரப் படகுகளின் கொட் மீன்பிடியை அரசு இடைநிறுத்தியபோது, படகு வைத்திருந்த அவருடைய கணவர் வீட்டில் முடங்க வேண்டியிருந்தது. "ஒஸ்லோவில் இருந்து தீர்மானித்ததற்கே இந்த நிலை, பிரசெல்ஸில் இருந்து தீர்மானித்தால் என்ன ஆகும்?" என்று அவர் கேட்டதற்கு, மேசையைச் சுற்றி நின்ற எவரும் மறுமொழி சொல்லவில்லை. ஒரு மீனையும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று பேச்சுவார்த்தையில் நின்றதால் 'நோ ஃபிஷ் ஓல்சன்' எனப் பெயர்பெற்ற மீன்பிடி அமைச்சர் யான் ஹென்றி ஓல்சன், இறுதியில் உடன்பாட்டை ஆதரித்தபோதும் வடக்கு அவருடன் போகவில்லை.

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரத்தில் பிறந்து, கடலில் இறங்குவதற்கு வேறொருவருடைய அனுமதி வேண்டியிருந்த காலத்தைக் கண்டவன் நான். ஆகவே அவர்கள் பேசியது எனக்கு அந்நியமாகப் படவில்லை. ஆனால் எனக்கு வாக்கு இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் வசித்த வெளிநாட்டவர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற உரிமையை 1983இலேயே வழங்கிய நாடு இது; தேசிய வாக்கெடுப்போ பிரசைகளுக்கு மட்டும் உரியது. ஊர்ச் சபைக்கு யார் போவது என்பதில் எனக்குச் சொல் உண்டு, நான் வெட்டிய மீன் எந்தச் சந்தைக்கு எந்த வரியுடன் போவது என்பதில் இல்லை. இதைக் குறையாகச் சொன்னால், வந்த இடத்தில் நன்றியில்லாமல் பேசுகிறான் என்று சிலர் எழுதக்கூடும். நன்றி வேறு, வாக்கு வேறு. பின்னர் பிரசாவுரிமை பெற்றபோது பிறந்த நாட்டின் உரிமையைத் துறக்க வேண்டியிருந்தது. இரட்டைப் பிரசாவுரிமையை நோர்வே அனுமதித்தது 2020இல்தான்.

முடிவு வந்த இரவில் ஃபின்மார்க்கில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றும், ஒஸ்லோவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றும் வாக்களித்திருந்தது தெரியவந்தது. சில வாரங்களுக்கு முன்னர்தான் பின்லாந்தும் சுவீடனும் ஆம் என்று சொல்லியிருந்தன. அயலவர் போனால் நாமும் போக நேரும் என்ற கணக்கு பலிக்கவில்லை. மறுநாள் எங்கள் வேலைத்தலத்தில் கேக் வெட்டினார்கள். தெற்கிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் ஆம் தரப்பினர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு தம் அறைக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்றது பொருளாதார ரீதியில் சரியான முடிவு என்று நான் வாதிட வரவில்லை. அந்தச் சண்டைக்கு என்னை இழுக்க வேண்டாம். 1994 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்திருந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பு உடன்படிக்கையின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைச் சட்டங்களில் பெரும்பகுதியை நோர்வே ஏற்றுக்கொள்கிறது. அவற்றை இயற்றும் அவையிலோ அதற்கு இருக்கை கிடையாது. அந்த உடன்படிக்கை மீனை முழுமையாக உள்ளடக்கவில்லை. பச்சை மீனைவிடப் பதப்படுத்திய மீனுக்கு ஒன்றியம் கூடுதல் தீர்வை விதிக்கிறது. கடலைக் காப்பாற்ற வாக்களித்த ஊர்களிலேயே பின்னாளில் தொழிற்சாலைகள் மூடப்பட்டதற்கு மலிவான கூலி நாடுகளின் போட்டி முதலிய வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், தீர்வையின் பங்கை வேண்டாம் தரப்பினர் பேச விரும்புவதில்லை.

திருப்புமுனை என்று நான் சொல்வதற்கான காரணம் வேறு. இந்த வினாவைப் போல வேறெதுவும் நோர்வேயின் அரசாங்கங்களை உடைத்ததில்லை. பேர் போர்ட்டெனின் அரசு 1971இலும், வாக்கெடுப்பைத் தம் பதவியோடு பிணைத்த திரிக்வே பிரத்தெலியின் அரசு 1972இலும், யான் சீஸெயின் கூட்டணி 1990இலும் வீழ்ந்தது இதனால்தான். பிரத்தெலிக்கு நேர்ந்ததை அறிந்த புருண்ட்லாண்ட் 1994இல் தம் பதவியைப் பணயம் வைக்கவில்லை. தோற்ற பின்னும் இரண்டு ஆண்டுகள் பிரதமராக நீடித்தார். 2025 ஜனவரியில், ஒன்றியத்தின் எரிசக்தி விதிகளை ஏற்பது குறித்த பிணக்கில் சென்டர் கட்சி, யூனாஸ் கார் ஸ்தோரெயின் அரசிலிருந்து வெளியேறியதும் இதே கதையின் தொடர்ச்சிதான். எண்ணெயைப் பற்றி இங்கே கட்சிகளிடையே வியக்கத்தக்க உடன்பாடு இருந்துவந்திருக்கிறது. ஐரோப்பாவைப் பற்றி ஒரு கட்சிக்குள்ளேயே உடன்பாடு கிடையாது.

தங்கள் விடைத்தாளில் ஒரேயொரு நிகழ்வை விரித்தெழுதத்தான் இடமுண்டு என்றால், எனக்கு நெருக்கமானது 1994 என்றாலும், 1972ஐயே எழுதுங்கள். 1994இல் வென்றவர்கள் அந்த முதல் வெற்றியை நினைவில் வைத்தே களத்தில் இறங்கினார்கள். 1972இல் வென்றவர்களுக்கு வெல்ல முடியும் என்பதற்கு முன்மாதிரியே இருக்கவில்லை.