நின்ற வண்டியும் நிற்காத கேள்விகளும்: வடசென்னை கார்க்காரர்களுக்குப் பதில்கள்

தண்டையார்பேட்டையில் கார் பட்டறையும், ஒரு ரெக்கவரி வண்டியும் வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம், காப்பீடு பற்றித் தொழிலில் பழகிய அளவுக்குச் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

வியாசர்பாடி வாசகர்: அண்ணா, போன மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கினேன். பாதியில் வண்டி நின்றுவிட்டது. மூன்று நான்கு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமோ பணம் தர மறுக்கிறது. தண்ணீர் புகுந்ததற்குக் காப்பீடு கிடையாதா?

தண்ணீர் புகுந்ததற்குக் காப்பீடு உண்டு, தம்பி. சாவியைத் திருகியதற்குத்தான் இல்லை என்கிறார்கள்.

ஊசி மருந்துக் குழாயில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்றென்றால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. காற்றிழுக்கும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போன பிறகு ஸ்டார்டர் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளினால், போக வழியில்லாமல் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைகிறது. நீங்கள் கேட்ட சத்தம் பெரும்பாலும் அதுதான். மெதுவாகப் போய்த் தானாக நின்ற வண்டிகளில் பல, தொடாமல் பட்டறைக்கு வந்தால், காற்று வடிகட்டியும் ஆயிலும் மாற்றியதோடு ஓடிப் போயிருக்கின்றன. என் பட்டறைக்கு வரும் மழைக்கால வண்டிகளில் தண்ணீர் செய்த சேதத்தைவிட, நின்ற பிறகு மனிதர்கள் செய்த சேதமே அதிகம்.

அடுத்த முறைக்குச் சொல்கிறேன். சாவியை அணைத்துவிட்டு நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கதவில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி படம் எடுங்கள். உதவிக்கு வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் “ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமா” என்றால் விடாதீர்கள். பெட்ரோல் வண்டியானால் பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவோம். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கிவிட்டது.

இனிக் காப்பீடு. முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடக்கம். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் உடைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல, பின்விளைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்கென்று ‘என்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக விற்கிறார்கள். வடசென்னையில் தரைத்தளத்தில் கார் நிறுத்துகிறவர்கள் அதை வாங்காமல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. உங்களிடம் அது இருந்தும் மறுத்திருந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளம், அதற்கும் மேலே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அவருடைய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இன்னொன்று. முன்னால் போன கார் கடந்துவிட்டதே என்று இறங்குகிறார்கள். நீங்கள் இறங்கும் நேரத்தில் எதிரே ஒரு கண்டெய்னர் லாரி வந்தால், அது தள்ளும் அலை உங்கள் பானட் மேல் ஏறும். முழங்கால் அளவுத் தண்ணீர் அந்த ஒரு நொடியில் இடுப்பளவு ஆகிவிடும்.

மணலி வாசகர்: சார், இரவு 11 மணிக்கு எண்ணூர் விரைவுச்சாலையில் மனைவி, குழந்தையோடு வரும்போது வண்டி நின்றால் என்ன செய்வது? இரண்டு பக்கமும் டிரெய்லர் வரிசை.

வண்டியை மறந்துவிடுங்கள், ஆட்களைப் பாருங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். உருளும் வேகம் இருக்கும்போதே இடதுபக்கம் ஒதுக்குங்கள். எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக மட்டும் இறங்கி, சாலையை விட்டு விலகி நில்லுங்கள். ஏசி இல்லை என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பது, பானட்டைத் திறந்து வைத்து அதன் முன்னால் கூடி நிற்பது, இரண்டும் வேண்டாம். பின்னால் வரும் லாரி மோதினால் முன்னால் நிற்பவர்தான் நசுங்குவார். டிரெய்லர் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நின்றுகொண்டிருக்கும் சிறிய காரை, அதுவும் விளக்கில்லாமல் நிறுத்திய இன்னொரு டிரெய்லரின் மறைவில், அவர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். சிவப்பு முக்கோணத்தைச் சுமார் 50 மீட்டர் பின்னால் வையுங்கள். பல கார்களில் அது வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு டிக்கியில் தூங்குகிறது.

எண்கள்: அவசரம் என்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108, சென்னைப் போக்குவரத்துக் காவலுக்கு 103. 1033 என்பது தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும். செங்குன்றம் தாண்டி நல்லூர் சுங்கச்சாவடிப் பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலையில் நின்றால் அதை அழையுங்கள். ரோந்து வண்டியும் கிரேனும் வரும். ஆனால் அவர்கள் உங்களைச் சாலையிலிருந்து அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் விடுவார்கள்; வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

உதவி நிறுவனத்தை அழைத்தால் எதிர்முனையில் பேசுகிறவர் வேறொரு நகரத்தில் உட்கார்ந்திருப்பார். ‘டோல்கேட் பக்கத்தில்’ என்று சொன்னால், அது நம் பகுதியில் ஓர் இடத்தின் பெயர் என்று தெரியாமல் அவர் உண்மையான சுங்கச்சாவடியைத் தேடுவார். வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பிவிட்டு, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயிலுக்குக் காத்திருந்து, பிறகு வாடிக்கையாளர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்து திரும்பிய இரவுகள் எங்களுக்கு உண்டு.

பெரம்பூர் வாசகி: சாலையோர உதவித் திட்டத்தைக் கார் நிறுவனத்திடம் வாங்குவதா, காப்பீட்டோடு வாங்குவதா?

முதலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், அம்மா. புதுக் காரின் உத்தரவாதத்தோடு வந்திருக்கும். அது தெரியாமல் காப்பீட்டிலும் சேர்த்துப் பலர் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள். யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டியவை: எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துச் செல்வது இலவசம், ஆண்டுக்கு எத்தனை முறை, விபத்தான வண்டிக்கும் உண்டா. பெட்ரோல் கொண்டுவந்து தருவார்கள்; பெட்ரோலின் விலை உங்களுடையது. பஞ்சர் என்றால் ஸ்டெப்னியை மாற்றித் தருவார்கள். ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்றால் கதை வேறு. இந்த உதவியை மட்டும் பயன்படுத்தினால், காப்பீட்டில் பணம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான ‘நோ கிளெய்ம் போனஸ்’ பொதுவாகக் குறையாது.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் நிற்கிறீர்கள் என்றால், தெருவின் அகலத்தை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். வண்டியை முழுதாக ஏற்றும் ஃபிளாட்பெட் அங்கே திரும்பாது.

அவரே: ஆட்டோமேடிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

வேண்டாம். என்ஜின் ஓடாதபோது பெரும்பாலான ஆட்டோமேடிக் கியர்பெட்டிகளில் ஆயில் சுற்றாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே தேய்ந்துபோகும். மின்சாரக் காருக்கும் இதே பதில். ஃபிளாட்பெட்தான். கையால் கியர் போடும் காரைக் கயிற்றில் இழுத்தாலும் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது. ஸ்டியரிங் பிடிப்பவருக்குப் பலமான காலும் நிதானமும் வேண்டும்.

மாதவரம் வாசகர்: ஐயா, மூலக்கடை அருகே திரும்பும்போது ஒரு பைக் என் காரில் மோதியது. பையனுக்குக் கால் முறிவு. கூட்டம் கூடிவிட்டது, பயத்தில் பணம் கொடுத்து அனுப்பிவிட்டேன். போலீசுக்குச் சொல்லவில்லை. இப்போது அவர்கள் வீட்டார் மேலும் கேட்கிறார்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் யாருக்காவது அடிபட்டிருந்தால் சாலையோரத்தில் பேசி முடிப்பது என்பதே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவு ஓட்டுநருக்குச் சொல்லும் கடமைகளில் முக்கியமானவை இரண்டு: காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது, காவல் நிலையத்தில் தெரிவிப்பது. கூட்டத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால், நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போகலாம். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் போவதுதான் உங்களைத் தப்பியோடியவராகக் காட்டும்.

இனித் தாமதிக்காதீர்கள். வக்கீலோடு போய்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இன்றே தெரிவியுங்கள். அந்தப் பையனின் இழப்பீட்டைத் தீர்மானிக்க வேண்டியது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்; உங்கள் பொறுப்பு என்று முடிவானால் கட்ட வேண்டியது மூன்றாம் நபர் காப்பீடு கொடுத்த நிறுவனம். அதற்காகத்தானே ஆண்டுதோறும் கட்டாயமாகப் பணம் கட்டுகிறோம்? மனுப்போட 6 மாதக் கெடு உண்டு என்பதையும் பையனின் வீட்டாருக்குச் சொல்லுங்கள். அவர்கள் எதிரிகள் அல்ல. பையனின் கால் உடைந்திருக்கிறது.

சிகிச்சைச் செலவு பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். நம் பகுதிக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. 2025இல் மத்திய அரசும் 7 நாட்களுக்கு, 1.5 லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தை அறிவித்தது. கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிப்போக்கருக்கும் சட்டம் துணை நிற்கிறது. 134ஏ பிரிவின்படி அவர்மீது வழக்குப் பாயாது. பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ‘ஏன் வம்பு’ என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வண்டியைக் காவல் நிலையத்தில் வைத்துக்கொள்வார்கள் என்ற பயமும் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்து நடைமுறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நாளாகும், ஆர்.சி., உரிமம், காப்பீட்டு நகல்களோடு போனால் அலைச்சல் குறையும்.

கொடுங்கையூர் வாசகர்: டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள்.

ஸ்டார்ட் செய்யாமல் பங்கிலேயே ஓரமாகத் தள்ளி நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் டேங்கைக் காலி செய்து கழுவும் செலவோடு முடியும். ஓட்டிவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்துகொள்ளும்.

தண்டையார்பேட்டை வாசகர்: பம்பர் உரசிவிட்டது. 6,000 ரூபாய் செலவு. காப்பீட்டில் கேட்கலாமா?

உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 5,000 கட்டுகிறீர்கள். ஒருமுறை கிளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டு முழு 10,000. அதன்பின் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொடும்வரை நீங்கள் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 12,500 ரூபாய். கிடைப்பதிலும் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் போகும். 1,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. தேய்மானம் வெட்டாத ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் காப்பீடு இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று வெட்டுவார்கள். கைக்காசைப் போட்டுப் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பீடு வாங்கியிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

காசிமேடு வாசகர்: புது பேட்டரி போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை.

பேட்டரியைக் குறை சொல்லுமுன் முனைகளைப் பாருங்கள். கடற்காற்றில் உப்புப் பூத்து வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருக்கும். கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, வாசலின் தடவி இறுக்குங்கள். ஜம்பர் கேபிள் போடுவதானால் சிவப்பு முதலில்: இறந்த பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில் தொடங்கி, மறுமுனை நின்ற வண்டியின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில்.

திருவொற்றியூர் வாசகர்: எண்ணூர்ப் பக்கத்து வண்டி ஒன்று மலிவாக வருகிறது. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்சுருளில் கறைக்கோடு இருந்தால் கிளம்பிவிடுங்கள். சீட் தண்டவாளங்களின் துரு, ஸ்டெப்னிக் குழியின் சேறு, கார்ப்பெட்டுக்கு அடியில் வாடை, இவை பொய் சொல்லாது. அந்த வெள்ளத்தில் எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் எண்ணெயும் கலந்து வந்தது. கதவு ரப்பர்கள் உப்பியிருக்கின்றனவா என்றும், டாஷ்போர்டின் அடிப்பக்க ஆணிகளில் கறுப்புப் பிசுக்கு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். சர்வீஸ் பதிவில் 2023 டிசம்பர், 2024 ஜனவரிப் பில்களைக் கேளுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை வாசகி: அண்ணா, நின்ற வண்டியை யாரோ கிரேன்காரர் தானாக வந்து ஏற்றிக்கொண்டு, தெரிந்த பட்டறையில் இறக்கிவிட்டுப் பெரிய தொகை கேட்டார். இது வழக்கமா?

என் தொழில்காரர்களில் சிலர் இப்படிச் செய்கிறார்கள். மூடி மறைக்க ஒன்றுமில்லை. விபத்து நடந்த இடத்துக்கு அழைக்காமலே வந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் ஏதோ ஒரு பட்டறைக்காக அலைகிறது. ஏற்றுவதற்கு முன்பே எங்கே இறக்குவது, மொத்தம் எவ்வளவு என்பதை அவருடைய எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேண்டாமென்று சொல்லிவிட்டு உங்கள் திட்டத்தின் வண்டிக்குக் காத்திருங்கள். ஏற்றும் வண்டியின் எண்ணோடு சேர்த்து உங்கள் காரை நான்கு பக்கமும் படம் எடுத்து, ஆர்.சி.யையும் பொருட்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தப் பட்டறையில் நிற்கும் வண்டியை, இழுத்ததற்கு மட்டும் ரசீது வாங்கிக்கொண்டு பணம் கொடுத்து வெளியே எடுங்கள். என்ஜினைத் திறக்கச் சம்மதம் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மறித்தால் 112.