ஏறும்போது உச்சி, இறங்கும்போது பூ

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மலையடிவாரத்தில் இருக்கும் நண்பர், "பூவெல்லாம் காய்ந்துவிட்டது, இனிமேல் வந்து பயனில்லை" என்கிறார். பயணத்தைக் கைவிட்டுவிடலாமா?

கைவிடாதீர்கள். அவர் சொல்வது அடிவாரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மேலே போகப் போகப் பருவம் பின்தங்கிக்கொண்டே போகும். ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918-ல் இதற்கு ஒரு கணக்கே சொல்லியிருக்கிறார்: வசந்த காலத்தில் ஒவ்வொரு 400 அடி உயரத்துக்கும், அதாவது சுமார் 120 மீட்டருக்கு, நாலு நாள் தாமதம். இது தோராயம்தான், இருந்தாலும் 1,000 மீட்டர் மேலே உள்ள புல்வெளியில் அதே பூ ஒரு மாதம் கழித்து மலரும் என்று ஆகிறது. பனி பெய்கிற மலையாக இருந்தால் பனி எப்போது உருகியது என்பதையும் பார்க்க வேண்டும். நிழல் சரிவில் பனி மெதுவாக உருகும், அதனால் ஒரே உயரத்தில் இந்தப் பக்கம் காய் பிடித்திருக்கும், அந்தப் பக்கம் இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். அதனால் "பூ இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "எந்த உயரத்தில் இருக்கிறது" என்று கேளுங்கள்.

கேள்வி: போன வருடம் விடிந்ததும் கிளம்பி, பூக்களைப் படம் எடுத்துக்கொண்டே ஏறினோம். பாதிப் பூ மூடியே கிடந்தது, உச்சிக்கும் போய்ச் சேரவில்லை. எங்கே தப்பு செய்தோம்?

விடிந்ததும் கிளம்பியது ரொம்பச் சரி. ஏறும்போது பூவுக்காக நின்றதுதான் தப்பு. ஜென்ஷியன் மாதிரி மலைப்பூக்கள் பல, குளிரிலும் மேகமூட்டத்திலும் இதழை மூடிக்கொள்ளும். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் திறக்கும். கிண்ணம் போல விரிந்து, சூரியன் போகிற பக்கமெல்லாம் முகம் திருப்புகிற பூக்களும் உண்டு. அந்தக் கிண்ணத்துக்குள் வெளிக்காற்றைவிடச் சூடு கூடுதலாக இருக்கும், அதைத் தேடி ஈக்கள் வந்து உட்காரும் (உயரம் கூடக் கூடத் தேனீ குறைந்து, மகரந்தம் சுமக்கிற வேலையில் பெரும்பங்கு ஈக்களுக்குப் போய்விடுகிறது). ஆக, காலை ஆறரைக்கு மண்டியிட்டுப் படம் எடுத்தால் மொட்டுதான் கிடைக்கும். அதே பூ பத்தரை மணிக்கு உங்களுக்காகத் திறந்திருக்கும்.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றைக்கும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அப்புறம் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 42 நிமிடம். இதில் ஓய்வு சேராது, நடந்து பழகியவரின் கணக்கு இது. நானாக இருந்தால் நாலு மணி நேரம் வைப்பேன். ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்துக்கு உச்சி, அதன்பிறகு இறங்கும் வழி முழுக்கப் பூ பார்க்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நானும் உங்களைப் போலவே பூப் பூவாக நின்று நின்று ஏறி, மதியம் இரண்டு மணிக்கு மொட்டை முகட்டில் இடியோடு மாட்டிக்கொண்டேன். வெயிலில் சூடான காற்று சரிவு வழியே மேலேறி, மதியத்துக்கு மேல் இடிமேகமாகத் திரள்வது கோடை மலைகளில் சகஜம். அந்த நேரம் முகட்டில் ஆளைவிட உயரமான பொருள் எதுவும் இருக்காது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடி எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்குங்கள். கிளம்பும் முன்பே "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று கூட வருகிறவர்களோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்து எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

கேள்வி: நல்ல படத்துக்காகப் பாதையை விட்டு நாலடி உள்ளே போனால் என்ன ஆகிவிடும்?

பாறை மேல் கால் வைத்துப் போக முடிந்தால் போங்கள். செடி மேல் வேண்டாம், தயவுசெய்து. உச்சிக்குப் பக்கத்தில் பாசி உருண்டை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிலீன் அகாலிஸ் போன்ற மெத்தைச் செடிகள் நூறு வயதைத் தாண்டியும் இருக்கலாம். அவ்வளவு மெதுவாக வளர்கிறவை, உங்கள் பூட்ஸ் ஒரு நொடியில் பிய்த்துவிடும். நீங்கள் போன தடத்தைப் பார்த்து அடுத்தவரும் போவார், அப்புறம் அது பாதையாகவே ஆகிவிடும். ஜூம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கீழே நல்ல வெயில். மேலே ஸ்வெட்டர் தேவைப்படுமா?

தேவைப்படும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், காற்று வேறு அடிக்கும். காற்றும் மழையும் புகாத மேலுறை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கிறதே என்று தொப்பியை விட்டுவிடாதீர்கள், உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதல்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. உச்சி வரை முடியாது, ஆனால் பூ பார்க்க ரொம்ப ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பூ அடர்ந்திருப்பது பெரும்பாலும் உச்சிக்குக் கீழே, மரங்கள் முடிகிற இடத்தை ஒட்டிய புல்வெளியில்தான். உச்சியில் கல்தான் அதிகம். அதனால் அம்மாவுக்கு எதுவும் குறையாது. முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில் வரும், அதற்கு இரண்டு ஊன்றுகோல் கொடுங்கள், சின்னச் சின்ன அடியாக வைக்கச் சொல்லுங்கள். அவரோடு போகிற அன்றைக்கு மட்டும் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். நீங்களும் உச்சியை மறந்துவிட்டு, அவர் பக்கத்தில் புல்வெளி ஓரத்துப் பாறையில் உட்காருங்கள்.