ஆழ்கடல் வண்டலில் கிடைத்த சிறு சிப்பிகள்: ஓரினமா, ஈரினமா?

கேள்வி: ஆழ்கடல் வண்டல் மாதிரியைச் சலித்தபோது 1 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை நீளமுள்ள சிப்பிகள் பல கிடைத்தன. சிறியவை உருண்டையாக, கீலில் (இரண்டு ஓடுகளும் இணையும் இடத்தில்) சில பற்களோடு மட்டும் உள்ளன. பெரியவை பின்புறம் நீண்டு, நிறையப் பற்களோடு உள்ளன. இவற்றை இரண்டு இனங்களாகக் கொள்ளலாமா? ஓட்டின் வளையங்களை எண்ணி வயதைக் கூறலாமா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் இரண்டு வேறுபாடுகளும் வளர்ச்சியினாலேயே ஏற்படக்கூடியவை. புதிய ஓடு, உடலைப் போர்த்தியிருக்கும் மூடுபடலத்தின் விளிம்பில்தான் சுரக்கிறது. அவ்விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பின்புறம் விரைந்து வளரும் இனங்களில், உருண்டையான குஞ்சு பெரிதாகும்போது நீண்ட வடிவத்தைப் பெறுகிறது. கீற்பற்களும் அப்படித்தான்: வரிசையின் வெளிமுனையில் புதிய பற்கள் சேர, முகட்டின் (கீலருகே ஓடு வளரத் தொடங்கிய மேட்டின்) கீழே, இரண்டு ஓடுகளையும் பிணைக்கும் இணைப்புநார் அகன்று பழைய பற்களை விழுங்கிவிடலாம். ஆகவே, ஓட்டின் நீளத்தைக் குறிப்பிடாத பல் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

கிடைத்த எல்லாவற்றின் நீளம், உயரம், முன்வரிசை, பின்வரிசைப் பற்கள் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, நீளத்திற்கு எதிராக வரைபடமிடுங்கள். புள்ளிகள் இடைவெளியின்றி ஒரே கோட்டில் தொடர்ந்தால் ஓரினம் என்பதற்கு வலு கூடும். இரண்டு கோடுகளாகப் பிரிந்து சென்றால் ஐயம் நியாயமானது.

அதைவிட உறுதியான சான்று முகட்டின் உச்சியில் இருக்கிறது. லார்வாப் பருவத்தில் உருவான வழவழப்பான சிறு தொப்பி, பின்னர் வளர்ந்த ஓட்டிலிருந்து தெளிவான கோட்டால் பிரிந்து தெரியும். பல் வரிசை கொண்ட இந்தச் சிப்பிகளின் லார்வா பொதுவாக முட்டையிலுள்ள கருவுணவைக் கொண்டே வாழ்வதால், தொப்பியின் அளவு முட்டையின் அளவைச் சார்ந்தது; ஓரினத்திற்குள் அது அதிகம் மாறுவதில்லை. முதிர்ந்தவற்றில் முகடு அரித்துப்போயிருக்கும் என்பதால், அரிப்பில்லாதவற்றைத் தேர்ந்து அளவிடுங்கள்.

உள்ளுறுப்புகளைப் பார்க்க உடனே ஓட்டைப் பிளக்க வேண்டியதில்லை. மெல்லிய ஓடுள்ளவற்றைக் கிளிசரினில் வைத்துக் கீழிருந்து ஒளி பாய்ச்சினாலே பலவும் தெரியும். ஓட்டை அகற்றியே ஆக வேண்டுமானால், குமிழிகள் எழுந்து திசுவைக் கிழிக்கக்கூடிய அமிலத்தைவிட, ஓட்டின் சுண்ணாம்பை மெதுவாகக் கரைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலே மேல்; பிறகு ஹீமடாக்சிலினால் இலேசாகச் சாயமேற்றலாம். செவுள் சிறிதாகவும், வாயருகே உள்ள உதட்டு மடல்கள் பெரிதாகவும் இருப்பதைக் காண்பீர்கள். அம்மடல்களிலிருந்து நீளும் உறுப்புதான் வண்டலைத் திரட்டி வாய்க்குக் கொண்டு சேர்க்கிறது.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது பின்குடல். ஆழ்கடலடியில் சத்துள்ள உணவு அரிது. கிடைப்பதை நெடுநேரம் தக்கவைத்துச் செரிக்க, குடல் நீண்டு உடலுக்குள் சுருண்டு கிடக்கிறது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். சுருளின் அமைப்பும் அது உடலின் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதும் இனங்களைப் பிரிக்க உதவும். எனினும், ஒத்த அளவுள்ளவற்றையே ஒப்பிடுங்கள். முதிர்ந்தவற்றில் இனப்பெருக்கச் சுரப்பி குடலின் மேல் பரவி அதை மறைத்துவிடும்.

மாதிரியை, அமிலத்தன்மையைத் தடுக்கும் போராக்ஸ் சேர்க்காத ஃபார்மலினில் நெடுநாள் வைத்திருந்தீர்களா என்பதையும் பாருங்கள். அமிலத்தன்மை ஏறிய ஃபார்மலின் ஓட்டைக் கரைத்துவிடும். அப்படியானால் தொப்பியின் அளவையோ வளையங்களையோ நம்ப இயலாது. இனி வருபவற்றை விரைவில் 70 முதல் 80 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

வளையங்களை வைத்து வயதைக் கூற வேண்டாம். 1975இல் ஆய்வாளர் துரேக்கியனும் உடன் பணியாற்றியவர்களும் வட அட்லாண்டிக்கின் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடைத்த டின்டாரியா காலிஸ்டிஃபார்மிஸ் சிப்பியை, அதன் ஓட்டிலுள்ள ரேடியம்-228 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு ஆராய்ந்து, அது 8.4 மி.மீ. நீளம் வளரச் சுமார் 100 ஆண்டுகள் ஆகும் என்று கணித்தனர். ஓட்டிலும் ஏறக்குறைய 100 வளையங்கள் இருந்தன. ஆனால் அக்கணிப்பின் பிழை எல்லை 76 ஆண்டுகள். இரண்டு எண்களும் பொருந்தியது கவனத்திற்குரியதே என்றாலும், ஒரு வளையம் ஓர் ஆண்டு என்ற விதியை உங்கள் சிப்பிகளுக்குப் பொருத்த அது போதாது. எண்ணியதை வளையங்களின் எண்ணிக்கை என்றே பதிவு செய்யுங்கள்.