வட்டத் துளை: குண்டா, குறுக்குவில் அம்பா?

கேள்வி: தடயவியல் மருத்துவம் முதுகலை படிக்கிறேன். மார்பில் ஒரே ஒரு வட்டத் துளை. உடலுக்குள் குண்டும் இல்லை, அம்பும் இல்லை, மறுபக்கம் வெளியேறிய காயமும் இல்லை. குறுக்குவில் (crossbow) அம்பு பாய்ந்த பிறகு அதைப் பிடுங்கியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தோலை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். பயிற்சிக்குப் பயன்படும் கூம்பு முனை அம்பு, குண்டு போலவே வட்டமாகத் துளைக்கும். சுற்றிலும் சிராய்ப்பு வளையமும் வரலாம். கூரிய வெட்டு அலகுகள் கொண்ட வேட்டை முனை என்றால் சிக்கல் குறைவு. அலகுகளின் எண்ணிக்கைப்படி மூன்று கதிராகவோ சிலுவையாகவோ, கத்தியால் கீறிய மாதிரி வெட்டு விழும்.

கரியோ வெடிமருந்துத் துகளோ இல்லை என்பதற்காக ‘அம்பு’ என்று எழுதிவிடாதீர்கள். தள்ளி நின்று சுட்டாலும் அவை இருக்காது. ஆனால் குண்டு, தன்மேல் ஒட்டியிருக்கும் கரியையும் ஈயத்தையும் துளையின் விளிம்பில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். துணி இருந்தால் அது துணியில்தான் படியும். சட்டையை உலர்த்தி, காகித உறையில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அப்புறம், உடலைத் திறக்கக் கத்தியைக் கையில் எடுக்கும் முன் எக்ஸ்ரே, முடிந்தால் சிடி ஸ்கேன். உலோகச் சிதறல் தெரிந்தால் குண்டின் பக்கம் சாயலாம்.

உண்மையில் பேசுவது காயத்தடம்தான். அம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 60 முதல் 120 மீட்டர். கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் 250-ஐத் தாண்டும். ஆனால் அம்பின் எடை 20, 30 கிராம் வரும் என்பதால் உந்தம் ஏறக்குறைய சமமாகிவிடும். அதனால்தான் இத்தனை மெதுவாக வந்தும் ஆழமாக இறங்குகிறது. தடம் நேராக, குறுகலாக இருக்கும். சுற்றியுள்ள திசு பெரிதாக நசுங்கியிருக்காது. வேட்டை முனையைப் பிடுங்கியிருந்தால் திரும்பி வரும்போது விழுந்த கூடுதல் வெட்டுகளும் தெரியலாம். தலைக் காயமானால், குண்டு என்று சொல்ல மண்டையோட்டில் உள்பக்கம் விரிந்த துளை மட்டும் போதாது. அது இரண்டிலும் வரும்.

எய்த தூரத்தைக் காயத்தை வைத்துச் சொல்லச் சொல்வார்கள். துப்பாக்கிக்கு உள்ளது போன்ற கரி, துகள் அளவுகோல் இங்கே இல்லை; அதனால் தூரம் சொல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை அம்பு உடலிலேயே இருந்தால் பிடுங்க வேண்டாம். கோணத்தை அளந்து, படமெடுத்து, தடத்தைத் திறந்த பிறகு எடுங்கள். தண்டை வெட்டியே ஆக வேண்டுமானால் இறகையும் நாண் பதியும் பின்முனையையும் தொடாதீர்கள். எய்தவரின் கைரேகையும் டிஎன்ஏவும் அங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.