ஷாகுஹாச்சி என்னும் ஜப்பானிய மூங்கில் குழலின் ஆசிரியர் மறைந்தபின் கற்பதையும் கற்பிப்பதையும் எப்படித் தொடர்வது?

தொடரலாம், ஆனால் ஏட்டை மட்டும் நம்ப முடியாது. கிங்கோ என்னும் வாசிப்பு மரபில், 18-ஆம் நூற்றாண்டில் குரோசாவா கிங்கோ திரட்டிய உருப்படிகள் ரோ, த்சு, ரே என்னும் சுர எழுத்துகளில் உள்ளன. தாடையைத் தாழ்த்திச் சுருதியை இறக்கும் ‘மெரி’யின் ஆழத்தையோ, ஒரு மூச்சு அடங்கும் விதத்தையோ, ஆசிரியர் எதிரே அமர்ந்து உடன் ஊதித்தான் மாணவர் பெறுகிறார். எனவே குருவின் ஒலிப்பதிவுகளோடு சேர்ந்து ஊதுங்கள். பிறகு அதே மரபின் மூத்த மாணவரை நாடுங்கள். 1896-இல் தோன்றிய டோசான் மரபுக்கு மாறினால் குறியீட்டு முறையும் வேறுபடும்.

‘ஷிஹான்’ என்னும் ஆசிரியர் உரிமம் பெறாதவர், அதை மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கற்பிப்பதே நேர்மை. முதல் பாடமாக, ஏறத்தாழ 54.5 செ.மீ. மூங்கிலின் ஐந்து துளைகளையும் மூடி, ‘ரோ’வை மட்டும் நீண்ட மூச்சில் ஊதச் சொல்லுங்கள், பக்கத்தில் அமர்ந்து நீங்களும் ஊதுங்கள்.